இடக்கையால் எழுதும் மகளை வலக்கைக்கு மாற்றத்தான் வேண்டுமா?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு வரும் ஆடியில் ஆறு வயது நிறைகிறது. ஒன்றாம் வகுப்பில் இப்போதுதான் சேர்த்திருக்கிறோம். சிலேட்டுக் குச்சியைப் பிடித்த நாள்முதல் அவள் இடக்கையால்தான் எழுதுகிறாள். பந்தை எறிவதும் பல் துலக்குவதும் தாழ்ப்பாளைத் திறப்பதும் அந்தக் கையால்தான். சாப்பிடுவது மட்டும் வலக்கையால், அதுவும் என் மாமியார் இரண்டு வயதிலிருந்தே பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிவிட்டதால். "சோறு உண்ணப் பழகிய பிள்ளைக்கு எழுதப் பழக எத்தனை நாளாகும், நொட்டாங்கையால் எழுதினால் பள்ளிக்கூடத்தில் கேலி செய்யமாட்டார்களா" என்று கேட்கிறார். அவர் கேட்பது பாசத்தால் என்பதை நான் அறிவேன். ஆனாலும் ஆமென்று சொல்ல மனம் வரவில்லை.

இதற்கிடையில் சென்ற வாரம் அவள் 'பட்டம்' என்ற சொல்லை வலமிருந்து இடமாக எழுதியிருந்தாள். ட-வின் கால் இடப்பக்கம் நீண்டிருந்தது. ம-வும் திரும்பி நின்றது. இடம் வலமாகத் திருப்பினாலும் மாறாத ப மட்டும் தப்பியிருந்தது. கண்ணாடியில் காட்டினால் சொல் சரியாகத் தெரிகிறது. இதைப் பார்த்த உறவினர் ஒருவர், இடக்கையர்களுக்கு வலது மூளைதான் வேலை செய்யும், அதனால் படம் வரைவதில் கெட்டிக்காரியாக வருவாள், கணக்கு வராது என்று சொல்லிவிட்டுப் போனார். கையை மாற்றினால் திக்குவாய் வரும் என்று வேறொருவர் பயமுறுத்துகிறார். இவற்றில் எது உண்மை, எது கட்டுக்கதை என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் வீட்டில் பேச எனக்கு ஒரு பிடி கிடைக்கும்.

நரம்பிழை எழுதியது:

அம்மா, நான் பக்கவாதம் வந்தவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பிசியோதெரபிஸ்ட். கையைப் பற்றிய கேள்விதான் என்றாலும் பதிலை மூளையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. பெருமூளையின் மேற்பரப்பில் அசைவுகளை ஆளும் இயக்கப் புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்பிழைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு, மூளை தண்டுவடத்தோடு சேரும் இடமான முகுளத்தின் அடிப்பகுதியில் பக்கம் மாறி எதிர்ப்புறமாகச் செல்கின்றன. ஆகவே வலக்கை விரல்களை இடது அரைக்கோளமும் இடக்கை விரல்களை வலது அரைக்கோளமும் ஆள்கின்றன. இடப்பக்க மூளையில் அடைப்பு வந்தவர், வலக்கையால் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் திணறுவதை நான் நாள்தோறும் பார்க்கிறேன். உங்கள் உறவினர் சொன்னதில் உண்மை இவ்வளவுதான். மீதி அவருடைய கற்பனை.

இடக்கையரின் மூளை அப்படியே இடம் வலமாகத் திருப்பி வைத்த மூளையாக இருக்கும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே எண்ணியதுண்டு. 1861-இல் பாரிசில் பால் புரோக்கா, 'டான்' என்ற ஒலியைத் தவிர வேறெதுவும் பேச இயலாத நோயாளி ஒருவர் இறந்தபின் அவர் மூளையை ஆராய்ந்து இடது முன்மடலில் சேதத்தைக் கண்டார். பேச்சு பெரும்பாலும் இடது அரைக்கோளத்துக்கு உரியது என்பது அதன்பின் நிலைபெற்றது. அப்படியானால் இடக்கையருக்குப் பேச்சு வலப்பக்கத்தில் இருக்கும் என்று ஊகிப்பது எளிது. அந்த ஊகத்தைப் பொய்யாக்கியது, வாடா என்ற மருத்துவரின் பெயரால் வழங்கும் சோதனை. வலிப்பு நோய்க்கு அறுவை சிகிச்சை செய்வதற்குமுன் நோயாளியை இரு கைகளையும் உயர்த்திக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லி, கழுத்து நாடி வழியே ஒரு பக்க மூளையை மட்டும் சில நிமிடங்கள் உறங்கவைக்கும் மருந்தைச் செலுத்துவார்கள். எதிர்ப்பக்கக் கை தொய்ந்து விழும். உறங்கியது பேச்சுக்குரிய பக்கமாக இருந்தால் எண்ணிக்கையும் நின்றுவிடும். இந்தச் சோதனையைக் கொண்டு மான்ட்ரியல் நகரில் ராஸ்முசனும் மில்னரும் 1977-இல் வெளியிட்ட கணக்கின்படி, வலக்கையரில் 96 சதவீதத்தினருக்குப் பேச்சு இடது பக்கத்தில் இருந்தது. இடக்கையரிலும் 70 சதவீதத்தினருக்கு அதே இடது பக்கம்தான். எஞ்சிய 30 சதவீதம் வலப்பக்கத்துக்கும் இருபக்கத்துக்குமாகச் சரிபாதியாகப் பிரிந்தது. எனவே உங்கள் மகள் இடக்கையால் எழுதினாலும், பேசுவதற்கு இடது மூளையையே நம்பியிருக்க வாய்ப்பு மிகுதி. இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர் என்று மனிதர்களைப் பிரிப்பதற்கும் சான்று இல்லை. 2013-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தினர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் மூளைப் படங்களை அலசியபோது, ஒரு பக்கம் முழுவதுமாக ஓங்கிய மூளை என்ற ஒன்றை அவர்களால் காண முடியவில்லை. கணக்கு வராது என்ற கவலையை இத்துடன் விட்டுவிடுங்கள்.

சரி, பிறகு கைப்பழக்கம் என்பதுதான் என்ன? இளநீர்க் கடைக்காரரைக் கவனியுங்கள். இடவுள்ளங்கையில் காயை ஏந்தி, ஒவ்வொரு வெட்டுக்கும் சற்றே திருப்பி, அடி விழும் கணத்தில் அசையாமல் பிடிக்கிறார். வலக்கை அரிவாளை வளைவாக வீசி, சீவவேண்டிய அளவுக்குச் சீவிவிட்டு நிற்கிறது. எல்லோரும் வலக்கையைத்தான் மெச்சுவார்கள். பிடிக்கும் கை தவறினால் விரல் போய்விடும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் செயின்பர்க் பல ஆண்டுகளாக முன்வைத்துவரும் கருத்து இதை ஒத்தது. இயக்கத்தின் பாதையையும் விசையையும் முன்கூட்டியே கணித்துச் செலுத்துவதில் ஓங்கிய கை சிறக்கிறது. எதிர்பாராத தள்ளலுக்கு ஈடுகொடுத்து ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில் மற்றக் கை சிறக்கிறது. இரண்டுமே திறமைகள்தாம். எழுதுவது முதல்வகை வேலை என்பதால், அந்த வேலையை எந்தக் கைக்கு மூளை ஒதுக்கியிருக்கிறதோ அந்தக் கையிடம் விடுவதே முறை.

இந்த ஒதுக்கீடு சிலேட்டைப் பிடித்த பிறகு ஏற்படுவதும் அன்று. வட அயர்லாந்தில் பீட்டர் ஹெப்பர் குழுவினர் கருவிலேயே கட்டைவிரல் சூப்பிய 75 குழந்தைகளைப் பத்துப் பன்னிரண்டு வயதில் மீண்டும் பார்த்தபோது, வலது விரலைச் சூப்பிய 60 பேரும் வலக்கையராக இருந்தனர். இடது விரலைச் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கையராகவும் 5 பேர் வலக்கையராகவும் வளர்ந்திருந்தனர். பரம்பரையின் பங்கு கால்வாசி அளவே என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன; ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரிலேயே ஒருவர் இடக்கையராகவும் மற்றவர் வலக்கையராகவும் இருப்பது அரிதன்று. பெற்றோர் இருவரும் வலக்கையராக இருந்தாலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பிள்ளை இடக்கையாக வரும். யாரைக் கொண்டு வந்தாள் என்று வீட்டில் ஆராய்ச்சி நடந்தால் இதைச் சொல்லுங்கள். மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து.

பழைய சிலேட்டு எழுதியது:

மாற்றப்பட்டவன் என்ற தகுதியில் எழுதுகிறேன். எனக்கு இப்போது 61 வயது. ஊர்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில், என் இடது மணிக்கட்டைக் கால்சட்டையின் பொத்தான் துளையோடு சணல் கயிற்றால் கட்டிவைத்தார் ஆசிரியர். அவர்மேல் எனக்கு வன்மம் இல்லை. அன்று அதுதான் அக்கறை என்று கருதப்பட்டது. ஒரு கார்த்திகைக்கும் அடுத்த சித்திரைக்கும் இடையில் நான் வலக்கையால் எழுதக் கற்றுக்கொண்டேன். இன்றும் எழுதுகிறேன், ஓரளவு அழகாகவே. ஆனால் கல்லெறிய, புட்டி மூடியைத் திருக, இருட்டில் சுவிட்சைத் தேட என் இடக்கைதான் முன்னே போகிறது. கல்லூரி முடியும்வரை எந்தத் தேர்விலும் கடைசிக் கேள்வியை முழுதாக எழுதி முடித்த நினைவு எனக்கில்லை. அதற்குக் கைமாற்றம்தான் காரணம் என்று சத்தியம் செய்யமாட்டேன். சந்தேகம் மட்டும் உண்டு.

பணி ஓய்வுக்குப் பிறகு இதுபற்றித் தேடிப் படித்தபோது ஒரு செய்தி என்னை நிறுத்திப் பிடித்தது. ஹார்ட்விக் சீப்னரும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் வலக்கைக்கு மாற்றப்பட்ட இடக்கையர்களைப் பல்லாண்டுகளுக்குப் பின் வலக்கையால் எழுதச் சொல்லி மூளையைப் படமெடுத்தார்கள். பிறவி வலக்கையர் எழுதும்போது இடது அரைக்கோளத்தில் பெரிதும் அடங்கிய வேலை, மாற்றப்பட்டவர்களிடம் வலது அரைக்கோளத்தின் இயக்கத் திட்டமிடல் பகுதிகளிலும் நடந்துகொண்டிருந்தது. அதாவது கை மாறிய பிறகும் மூளை தன் பழைய ஏற்பாட்டை முற்றிலும் கலைத்துவிடவில்லை. அந்தச் சணல் கயிறு மணிக்கட்டுக்கு மேலே எட்டவே இல்லை என்று எனக்குத் தோன்றியது.

திக்குவாயைப் பொறுத்தவரை எனக்கு அது வரவில்லை. இடக்கையிலிருந்து மாற்றப்பட்டுத் திக்கிப் பேசிய இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அவர் வளர்ந்த வீட்டின் கண்டிப்பையும் அச்சத்தையும் விட்டுவிட்டுக் கையை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா என்பது என் கேள்வி. பயமுறுத்திப் பழக்கினால் பிள்ளை பல வகையிலும் தடுமாறும்.

இடைச்செருகலாக ஒன்று. இடக்கையருக்கு ஆயுள் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1991-இல் அமெரிக்காவில் அப்படியொரு கட்டுரை வந்து, ஒன்பது ஆண்டுகள் குறைவு என்று பரபரப்பை ஏற்படுத்தியது. இறந்தவர்களில் முதியோரிடையே இடக்கையர் குறைவாக இருந்ததற்குக் காரணம், அந்தத் தலைமுறையில் என்னைப் போல் பலரையும் வலக்கையராக மாற்றிவிட்டிருந்ததே. இடக்கையராகக் கணக்கில் வந்தவர்கள் இளையவர்கள். இளையவர் இறந்தால் இறந்த வயது குறைவாகத்தானே இருக்கும்?

மூன்றாம் ஸ்லிப் எழுதியது:

விளையாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு. சச்சின் டெண்டுல்கர் எழுதுவது இடக்கையால். மட்டை பிடிப்பதும் பந்து வீசுவதும் வலக்கை ஆட்டக்காரராக. நம் வாஷிங்டன் சுந்தர் வீசுவது வலக்கையால், ஆடுவது இடக்கை ஆட்டம். மட்டைப் பிடியில் மேலே இருக்கும் கைதான் திசையை ஆள்கிறது என்பதால், ஓங்கிய கையை மேலே வைத்து ஆடுபவர்களுக்கு ஒரு அனுகூலம் உண்டு என்று 2016-இல் டேவிட் மான் குழுவினர் எழுதினார்கள். அவர்கள் கணக்கில், இப்படி 'தலைகீழாக' நிற்பவர்கள் கற்றுக்குட்டிகளைவிடத் தொழில்முறை ஆட்டக்காரர்களிடையே பன்மடங்கு மிகுதி. ஆகவே எழுதும் கையை வைத்து மற்ற எல்லாவற்றையும் முடிவுகட்டிவிடாதீர்கள்.

அகல்விளக்கு எழுதியது:

எங்கள் பகுதியில் இரு கைகளாலும் எழுதப் பழக்கும் பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது. இரண்டு மூளையும் விழித்துக்கொள்ளும் என்கிறார்கள். இந்தச் சிக்கலுக்கு அது நடுவழியாக இருக்குமா?

நரம்பிழை எழுதியது:

இருகையாலும் அம்பெய்த அருச்சுனனைச் சவ்வியசாசி என்று புகழ்ந்த மரபு நம்முடையது. ஆகவே அந்த ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் உறங்கிக் கிடக்கும் மூளை என்று எதுவுமில்லை. ஒற்றைக் கையால் எழுதும்போதே இரு அரைக்கோளங்களும், அவற்றை இணைக்கும் தடித்த நரம்பிழைப் பாலமும், சிறுமூளையும் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. பயிற்சியால் மற்றக் கைக்கும் எழுத வரும். அதனால் அறிவு கூடும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. பின்லாந்தில் 1986-இல் பிறந்த ஏறக்குறைய 8,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்ததில், எந்தக் கையும் ஓங்காமல் இருந்த 87 பேரிடம் எட்டு வயதில் மொழியிலும் படிப்பிலும் சிரமம் மற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு காணப்பட்டது. இருகைப் பழக்கம் அந்தச் சிரமத்தை உண்டாக்கியது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பக்கங்களுக்கிடையே வேலைப் பிரிவினை தெளிவாக அமையாததன் அடையாளமாக இருக்கலாம். கைப்பழக்கம் உறுதியாக அமைந்துவிட்ட பிள்ளையைக் கலைத்துவிட இதில் ஒரு காரணமும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது வேறு பெற்றோருக்காக. ஒரு வயதுகூட நிறையாத குழந்தை எப்போதும் ஒரே கையை நீட்டி, மறுகையை மடக்கியே வைத்திருந்தால், அது கைப்பழக்கம் என்று மகிழாமல் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மறுகையில் பலக்குறைவு இருக்கக்கூடும்.

இரட்டைக்கோடு எழுதியது:

தொடக்கப்பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுத்து கற்பிக்கிறேன். உங்கள் மகளின் 'பட்டம்' கவலைக்குரியதன்று. இந்த வயதில் வலக்கைப் பிள்ளைகளும் அப்படி எழுதுவார்கள். இடப்பக்கம் பார்த்து நிற்கும் பசுவும் வலப்பக்கம் பார்த்து நிற்கும் பசுவும் ஒரே பசு என்பதை நம் கண்ணும் மூளையும் குழந்தைப் பருவத்திலேயே அறிந்திருக்கின்றன. எழுத்தில் மட்டும்தான் திருப்பினால் பொருள் கெடும் என்பதைப் பிள்ளை புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது. இதோடு, உடலின் நடுக்கோட்டிலிருந்து வெளிப்புறமாகப் போவதே கைக்கு இயல்பு. இடக்கைக்கு அந்த வெளிப்புறம் இடப்பக்கம். இடக்கையரான லியொனார்டோ டா வின்சி தம் குறிப்பேடுகளை வலமிருந்து இடமாகக் கண்ணாடி எழுத்தில் நிரப்பிவைத்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் தமிழுக்கே உரிய ஒரு சுவையான செய்தி இருக்கிறது. ஆங்கிலத்தின் சிறிய எழுத்துகளில் b-யும் d-யும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். குழப்பிக்கொண்டால் சொல்லே மாறிவிடும். தமிழில் அத்தகைய இணைகள் இல்லை. எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்தறியாதவர்கள், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள், தமிழோடு ரோமன் எழுத்தும் தெரிந்தவர்கள் என்று மூவகைத் தமிழரிடம் படங்களைக் காட்டி, எது அசல், எது திருப்பியது என்று பிரித்தறியச் செய்தது. ரோமன் எழுத்தும் தெரிந்தவர்கள் முந்தினர். தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் எழுத்தறியாதவர்களுக்கு அருகில்தான் நின்றனர். எனவே உங்கள் மகள் ட-வைத் திருப்பி எழுதுவதைவிட, அடுத்த ஆண்டு ஆங்கிலத்தில் அந்த இரண்டு எழுத்துகளையும் கவனித்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு வயதைக் கடந்தும் குழப்பம் நீடித்து, வாசிப்பும் தடுமாறினால் அப்போது வாசிப்புக் குறைபாட்டுக்காகப் பரிசோதிக்கலாம்.

கையை மாற்றுவதைவிட நோட்டை மாற்றிப் போடுவதுதான் பயன் தரும். நோட்டை உடலின் நடுவுக்குச் சற்று இடப்பக்கமாக வைத்து, அதன் மேல்விளிம்பு வலப்பக்கம் சாயும்படி திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் தான் எழுதியதைப் பார்ப்பதற்காக மணிக்கட்டைக் கொக்கிபோல் வளைத்து, வரிக்கு மேலிருந்து எழுதத் தொடங்குவாள். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் விடாது. பென்சிலை முனையிலிருந்து மூன்று சென்டிமீட்டர் அளவு தள்ளிப் பிடிக்கட்டும். பெஞ்சில் இடது ஓரத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். நடுவில் உட்கார்ந்தால் பக்கத்துப் பிள்ளையின் வலமுழங்கையும் இவளுடைய இடமுழங்கையும் நாள் முழுவதும் சண்டையிடும்.

பல ஆசிரியர்களும் கவனிக்காத ஒன்றை இங்கே சொல்ல விரும்புகிறேன். இரட்டைக்கோடு நோட்டில் மாதிரி எழுத்தை வரியின் இடது தொடக்கத்தில் எழுதிக் கொடுக்கிறோம். வலக்கைப் பிள்ளை அதைப் பார்த்துப் பார்த்து எழுதும். இடக்கைப் பிள்ளை எழுத ஆரம்பித்ததும் அதன் புறங்கையே மாதிரியை மூடிவிடும். இரண்டாவது எழுத்திலிருந்து நினைவில் எழுத வேண்டியதுதான். எழுத்து கோணுகிறது என்று கையைக் குறைசொல்லும் பல நோட்டுகளில் நான் கண்டது இதைத்தான். மாதிரியை வரியின் வலக்கோடியிலும் எழுதிவைத்துப் பாருங்கள்.

கத்தரிக்கோலும் அப்படியே. சாதாரணக் கத்தரிக்கோலை வலக்கையில் பிடித்தால் விரல்களின் அழுத்தம் இரண்டு தகடுகளையும் ஒன்றோடொன்று நெருக்கும். இடக்கையில் பிடித்தால் அதே அழுத்தம் அவற்றை விலக்கும், காகிதம் வெட்டுப்படாமல் இடையில் மடங்கும், வெட்டவேண்டிய கோடும் மேல்தகட்டின் பின்னால் மறைந்துவிடும். பிள்ளைக்குக் கைவேலை வராது என்று முடிவுகட்டுமுன் அவள் கையிலிருக்கும் கருவியைப் பார்க்க வேண்டும்.

வலந்தலை எழுதியது:

மிருதங்கம் கற்பிப்பவன் என்பதால் இந்த இழைக்குள் வந்தேன். எங்கள் வாத்தியத்தில் பெயரிலேயே பக்கம் இருக்கிறது. நுட்பமான தாளச் சொற்கள் விழும் பக்கம் வலந்தலை, கும்கி என்னும் ஆழ்ந்த ஒலியைத் தரும் பக்கம் தொப்பி. புதுக்கோட்டை மரபின் பெருமகனான பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கையர். வலந்தலையை இடக்கையால் வாசித்தார். பாடகரின் வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின் என்று அமர்வது வழக்கம். அப்போதுதான் வலந்தலை சபையை நோக்கி ஒலிக்கும். பிள்ளையவர்கள் வாசித்தால் வயலின்காரர் இடம் மாறி உட்கார வேண்டும். அதற்கு இசையாதவர்கள் இருந்தார்கள் என்பது கச்சேரி உலகில் அனைவரும் அறிந்த செய்தி. அந்தத் தொப்பியின் நாதத்துக்கு இணை இல்லை என்று பின்னாளில் வியந்தவர்களும் அதே உலகத்தினர்தாம்.

என்னிடம் இடக்கைப் பிள்ளைகள் வந்தால் மிருதங்கத்தைத் திருப்பிப் போட்டுவிடுகிறேன். வயலினுக்கு அப்படிச் சொல்லமாட்டேன், ஏனென்றால் வழக்கமான பிடியிலேயே தந்தியின்மேல் ஓடும் விரல்வேலை இடக்கைக்குத்தான் வாய்க்கிறது. 1995-இல் ஜெர்மனியில் தாமஸ் எல்பர்ட் குழுவினர் தந்தி வாத்தியக்காரர்களை ஆராய்ந்தபோது, இடக்கை விரல்களுக்கு மூளையில் உள்ள தொடுவுணர்வுப் பரப்பு மற்றவர்களைவிட விரிந்திருந்தது. இளம் வயதில் கற்கத் தொடங்கியவர்களிடம் அது மேலும் மிகுதி. ஓங்கிய கை எது என்பது ஒன்று, எந்தக் கைக்கு எவ்வளவு பயிற்சி கொடுத்தோம் என்பது வேறொன்று. பின்னதில் இரு கைகளுக்கும் இடமுண்டு.

பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரட்டைக்கோடு அவர்கள் சொன்னபடி நோட்டைச் சாய்த்துப் போட்டு, மாதிரியை வலக்கோடியில் எழுதிக் கொடுத்தேன். நான்கு நாளில் மணிக்கட்டின் வளைவு சற்றுத் தளர்ந்திருக்கிறது. ட-வின் கால் பத்துக்கு ஏழு முறை வலப்பக்கம் நீள்கிறது. மாமியாரிடம் பழைய சிலேட்டு ஐயாவின் பதிவைப் படித்துக் காட்டினேன். சணல் கயிறு என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். தம் அண்ணனையும் அப்படிக் கட்டிவைத்ததுண்டு என்றார். அதன்பின் எழுதும் கையைப் பற்றி அவர் பேசவில்லை. கோவிலில் திருநீறு வாங்குவதற்கு வலக்கையைத்தான் நீட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அதில் எனக்கும் மறுப்பில்லை.

இடக்கைக் கத்தரிக்கோல் கேட்டு மூன்று கடைகள் ஏறி இறங்கினேன். அப்படி ஒன்று இருக்கிறதா என்று என்னிடமே கேட்கிறார்கள். சிறு பிள்ளைக்கு ஏற்ற, முனை மழுங்கியதாக எங்கே கிடைக்கும் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.